சாய்ஸில் விடுகிறவர்

தேர்வுக்குப் படிக்கிறவர்களில் பல வகை உண்டு. நடந்துகொண்டே படிக்கிறவர், அறை முழுக்கக் கேட்கும்படி படிக்கிறவர், புத்தகத்துக்கு மஞ்சள் வண்ணம் அடிப்பதையே படிப்பு என்று நம்புகிறவர். இவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. இவர்களால் யாருக்கும் தீங்கில்லை. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த நினைப்பவர் வேறு இனம். எதைப் படிக்கலாம் என்று அவர் யோசிப்பதே கிடையாது. எதைப் படிக்காமல் தப்பிக்கலாம் என்றுதான் யோசிக்கிறார். பழைய வினாத்தாள்களைச் சேகரித்து, ஆண்டுவாரியாகப் பிரித்து, பாடவாரியாக எண்ணி, கட்டிலுக்கு மேலே நான்கு வண்ணத்தில் அட்டவணை ஒட்டி, அதன் முன்னால் கைகட்டி நின்று, கடைசியில் ஒரு பாடத்தை மட்டும் சிவப்புக் கோட்டால் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அந்த உழைப்பில் பாதியைச் செலவழித்திருந்தால் அந்தப் பாடத்தை இரண்டு முறை படித்து முடித்திருக்கலாம்.

இவர்தான் சாய்ஸில் விடுகிறவர்.

வினாத்தாளில் சாய்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? கிடையாது. இவருக்கு மட்டும் உண்டு.

பிரான்சின் வடக்கே லீல் நகரத்தில் நான் படித்த தயாரிப்பு வகுப்பு இந்த இனம் செழித்து வளர்வதற்கு ஏற்ற நிலம். பள்ளியை முடித்ததும் பொறியியல் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்காக இரண்டு வருடம் உட்கார்ந்து கணக்குப் போடும் இடம் அது. வெளியே மழை பெய்யும், உள்ளே கணக்கு நடக்கும். வேறு எதுவும் நடக்காது. ஆகவே மனிதர்கள் தங்கள் கணக்கை எதன் மீதாவது பிரயோகித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். குடை கொண்டுவர மாட்டார். வானிலை அறிக்கை முப்பது சதவீதம் என்றால் எழுபது சதவீதம் தன் பக்கம் என்பார். நனைந்து வந்து நிற்கும்போது, "இது அந்த முப்பதுக்குள்ள வர்ற மழை, எதிர்பார்த்ததுதான்" என்பார், ஏதோ மழையே தன்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பெய்த மாதிரி. பெருமழையாகக் கொட்டினால் அப்போதும் கவலை இல்லை: பக்கத்தில் நடந்து வருகிறவர் குடை கொண்டுவந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டிருப்பார். வறுத்த உருளைக்கிழங்கு விற்கும் வண்டிக்கு முன்னால் இரண்டு வரிசை நின்றால், எது சீக்கிரம் நகரும் என்று ஆராய்வார். ஆராய்ச்சி முடியும்போது இரண்டு வரிசையும் நீண்டிருக்கும். ஆசிரியை கழுத்தில் பச்சைத் துணி சுற்றி வந்தால் கேள்வி கடினம், நீலம் சுற்றி வந்தால் சுலபம் என்று ஒரு விதி வைத்திருப்பார். ஆசிரியைக்குச் சளி பிடித்தால் பச்சை. அது வேறு விஷயம்.

எங்கள் வகுப்பில் இந்த இனத்தின் மாசற்ற மாதிரி ஆன்செல்ம். உயரமாக, மெலிந்து, எப்போதும் சற்று ஈரமாக இருப்பான். புதன்கிழமை மாலைகளில் வாய்மொழிப் பயிற்சி நடக்கும். மூன்று பேர் ஒரு குழு, மூன்று கரும்பலகை, ஓர் ஆசிரியை, இருபது மதிப்பெண். எங்கள் குழுவில் ஆன்செல்ம், சொலேன், நான்.

சொலேனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் கடலோரத்து பூலோன் நகரத்துப் பெண். அலையைத் தடுக்கும் சுவர்களும் துறைமுகங்களும் கட்டக் கற்றுத்தரும் ஒரே ஒரு கல்லூரியில்தான் அவளுக்குக் கண். முந்தைய வருடம் நூலிழையில் தவறிவிட்டு, இரண்டாம் வருடத்தையே மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை எழுத அனுமதி இல்லை. அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு முறை. அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளுக்குப் பக்கத்துப் பலகையில் ஆன்செல்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது விதி. விதி என்று சொன்னால் ஆன்செல்ம் கோபித்துக்கொள்வான். வகுப்பில் அவ்வளவு பேர் இருக்க, இந்த மூவரும் ஒரே குழுவில் சேர வாய்ப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவான்.

ஒரு புதன்கிழமை ஆசிரியை மதாம் ரூசெல் அவனிடம் கேட்டார். அன்று கழுத்துத்துணி நீலம்.

"ஒரு நாணயத்தைச் சுண்டுறீங்க. பத்து தடவையும் தலையே விழுது. பதினோராவது தடவை?"

"பாதிக்குப் பாதி, மதாம். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது."

"நிரூபிங்க."

நிரூபித்தான். அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், சுண்ணக்கட்டியைக் கீழே போடாமல். பதினேழு மதிப்பெண். மதாம் ரூசெல் பதினேழு போடுவது லீலில் வெயில் அடிப்பது மாதிரி. நாங்கள் வெளியே வந்தோம். கதவு இன்னும் முழுக்கச் சாத்தப்படவில்லை.

"முடிவில்லாத் தொடர்களை விட்டுடப் போறேன்," என்றான் ஆன்செல்ம். "எழுத்துத் தேர்வுல மூணு வருஷமா விடாம வந்துடுச்சு. இந்த வருஷம் வராது."

சொலேன் படியில் நின்றுவிட்டாள். "டேய், நாணயத்துக்கு ஞாபகம் கிடையாதுன்னு இப்பத்தானே உள்ள சொன்ன?"

"நாணயத்துக்குக் கிடையாது. கேள்வி தயாரிக்கிறவருக்கு இருக்குமில்ல?"

"அப்போ அவருக்கும் தெரியுமே, உன்னை மாதிரி ஆளுங்க இப்படித்தான் கணக்குப் போடுவாங்கன்னு."

ஆன்செல்ம் இரண்டு மாடி இறங்கும் வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். வாசலில் மழையைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"அதையும் கணக்குல சேர்த்துக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் குடைக்குள் புகுந்தான்.

இவர்களோடு வாதாடி வெல்ல முடியாது, தெரிந்துகொள்ளுங்கள். பலகையில் இவர்கள் ஒரு ஆள். கதவுக்கு வெளியே வேறு ஆள். முதல் ஆளுக்குப் பதினேழு கிடைக்கிறது. இரண்டாவது ஆள்தான் தேர்வு எழுதப் போகிறார்.

ஏப்ரலில் எழுத்துத் தேர்வு வந்தது. தொடர்கள் வரவில்லை.

ஆமாம், வரவில்லை. அவன் சொன்னது பலித்துவிட்டது. ஒருமுறை பலித்த சாய்ஸைப் போல ஆபத்தான பொருள் உலகத்தில் வேறில்லை. அடுத்த வாரம் முழுக்க உணவுக்கூடத்தில் அவனைச் சுற்றி ஒரு சிறு சபை கூடியது. எல்லோர் தட்டிலும் பன்றி இறைச்சியில் சுருட்டி வேகவைத்த கசப்புக் கீரை ஆறிக்கொண்டிருக்க, வாய்மொழித் தேர்வில் எதை விடலாம் என்று ஆளாளுக்கு அவனிடம் ஆரூடம் கேட்டார்கள். வரவே வராது என்று அவன் அடித்த வேறு இரண்டு பாடங்கள் அதே தேர்வில் வந்திருந்ததை யாரும் கேட்கவில்லை. அவனும் ஞாபகப்படுத்தவில்லை. நாணயத்துக்கு இல்லாத ஞாபகம் இவர்களுக்கு மட்டும் எதற்கு?

மூன்று பேரும் எழுத்துத் தேர்வில் தேறி, ஜூன் கடைசியில் வாய்மொழித் தேர்வுக்காகப் பாரிஸ் போனோம். சொலேனின் துறைமுகக் கல்லூரிதான் முதலில். ஆன்செல்மும் அதற்கே எழுதியிருந்தான். நான் வேறொரு கல்லூரிக்குப் போகவேண்டியவள், இரண்டு நாள் கழித்து.

அந்தக் கல்லூரியின் வழக்கம் இது. காலையில் எத்தனை பேருக்குத் தேர்வோ அத்தனை கேள்வித்தாள்கள் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் வந்து ஒன்றை எடுப்பார், பலகையில் தீர்ப்பார், அந்தத் தாள் இழுப்பறைக்குள் போய்விடும். அடுத்தவர் மிச்சத்திலிருந்து எடுக்க வேண்டும். அதோடு, வாய்மொழித் தேர்வு எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் அமர்ந்து பார்க்கலாம். வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட நல்ல விதி. தனக்காகவே ஏற்பட்டது என்று ஆன்செல்ம் நம்பினான். முதல் நாள் காலையிலிருந்து பசி தாகம் பாராமல் ஒவ்வொரு அறையாகப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கு என்ன வந்தது என்று கணக்கெடுத்தான். நாளைக்குத் தேர்வு உள்ளவன். அவன் கையில் ஒரு புத்தகமும் இல்லை.

சொலேன் பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சில் இருந்தாள். நான் அவளுக்கு நீள ரொட்டியில் பன்றி இறைச்சித் துண்டும் கடுகு விழுதும் வைத்து வாங்கி வந்தேன். அவளுக்குக் கைவசம் இருந்தது ஒரு பிற்பகல். திருப்பிப் பார்க்க வேண்டியவை இரண்டு பாடங்கள்: நிகழ்தகவும் வகைக்கெழுச் சமன்பாடுகளும். இரண்டு வருடப் படிப்பு, அதற்கு மேல் இன்னொரு வருடம், எல்லாம் சேர்ந்து கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஆன்செல்ம் வந்தான், சேதி கொண்டுவரும் முகத்தோடு.

"சொலேன், நல்ல சேதி. நிகழ்தகவை விட்டுடு."

"ஏன்?"

"காலையிலேர்ந்து பாத்துட்டேன். ஒருத்தருக்குக்கூட வரலை. அவங்களுக்கு அது பிடிக்கலை."

"வகைக்கெழு?"

"அதையும் விட்டுடு. நாலு பேருக்கு வந்தாச்சு. தீர்ந்துபோச்சு."

"வந்தா தீர்ந்துபோச்சுங்கற. வரலைன்னா பிடிக்கலைங்கற. அப்போ எதுதான்டா வரும்?"

"வர்றதெல்லாம் நாம ஏற்கெனவே படிச்சு முடிச்சதுதான்."

நான் சிரித்துவிட்டேன். சொலேன் சிரிக்கவில்லை. அவள் விரல் நிகழ்தகவுப் பக்கத்தில் இருந்தது. புத்தகம் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. களைத்துப்போன மனிதரிடம் "இது வேண்டாம்" என்று சொல்வதைவிட இனிமையான வார்த்தை உண்டா? புத்தகம் முக்கால்வாசி மூடிவிட்டது. அவளுடைய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த விரல் கனத்தில் நின்றுகொண்டிருந்தன.

அதோடு நிறுத்தியிருந்தால் ஆன்செல்ம் அவளைக் கவிழ்த்திருப்பான். ஆனால் இந்த இனத்தால் எதையும் அதோடு நிறுத்த முடியாது.

"நான் அதிர்ஷ்டக்காரன்," என்றான், ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டே. "நாளைக்கு உன் பேர் நடுவுல. நான் கடைசி. மோசமான தாளையெல்லாம் அதுக்குள்ள மத்தவங்க எடுத்துடுவாங்க."

புத்தகம் திறந்தது.

"என்ன சொன்ன?"

"கடைசியா எடுக்கிறவனுக்குத்தான் லாபம்."

"நல்ல தாளையும் மத்தவங்க எடுத்துடுவாங்க இல்ல? மடையா, முதல்ல எடுத்தாலும் கடைசியில எடுத்தாலும் ஒண்ணுதான்."

"பாடத்துல ஒண்ணுதான். நிஜத்துல இல்ல."

அவ்வளவுதான். சொலேன் ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தை மூன்றாகக் கிழித்தாள். ஒன்றில் கடுகு விழுதைத் தடவினாள்: அதுதான் மோசமான தாள். மடித்துக் குலுக்கி என் மடியில் போட்டு, "எடு" என்றாள். எடுத்தோம். மறுபடி குலுக்கினாள், மறுபடி எடுத்தோம். கடுகு ஒருமுறை எனக்கு, ஒருமுறை அவளுக்கு, இரண்டு முறை அவனுக்கு, கடைசியாக எடுத்தபோது. "இது விதிவிலக்கு" என்றான். அவள் பெருக்கிக் காட்டினாள். ஒத்துக்கொள்ளவில்லை. வரிசை மாற்றி எண்ணிக் காட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கணக்கு சரி, ஆனா..." என்றான். அந்த "ஆனா"வுக்காக அவள் பாடத்தின் முதல் பக்கத்துக்கே போனாள். நிபந்தனை உள்ள நிகழ்தகவு, பெட்டிகள், பந்துகள், திருப்பிப் போடுவது, போடாமல் விடுவது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அவன் தலையில் அடிக்காத குறையாக விளக்கினாள். புறாக்கள் கடுகுக் காகிதத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. ஆன்செல்ம் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் நிகழ்தகவு முழுக்க ஒருமுறை முடிந்திருந்தது. கோபத்தோடு கோபமாக அவள் வகைக்கெழுவையும் எடுத்துக்கொண்டாள். ஆன்செல்ம் மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை நானும் அவனும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தேர்வாளர் மெலிந்த வயதானவர். அவர் முகத்திலிருந்து எதையும் கணக்கிட முடியாது. ஆன்செல்ம் முயன்று பார்த்துக் கைவிட்டான். சொலேன் உள்ளே வந்தாள், மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள், வாசித்தாள். அவள் காது இரண்டும் சிவந்தன. போச்சு, பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். ஒரு பெட்டியில் வெள்ளைப் பந்துகளும் கறுப்புப் பந்துகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறோம், திருப்பிப் போடுவதில்லை. முதல் பந்து வெள்ளையாக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்போ, கடைசிப் பந்து வெள்ளையாக இருப்பதற்கும் அவ்வளவே வாய்ப்பு என்று காட்டுக.

அது பயம் இல்லை. சிரிப்பை அடக்குவதில் சிவந்த காது.

பெருக்கிக் காட்டினாள். வரிசை மாற்றி எண்ணிக் காட்டினாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. சூத்திரமே இல்லாம சொல்ல முடியுமா? எவ்வளவு சொன்னாலும் ஒத்துக்கவே மாட்டேங்கற ஒரு ஆளுக்குச் சொல்ற மாதிரி?"

"சொல்லிப் பழக்கம் இருக்கு, மிசியே." அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. "பந்துகளை ஒவ்வொண்ணா எடுக்க வேணாம். எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆளுக்கு ஒண்ணா கையில கொடுத்துடுங்க, ஆனா யாரும் கையைத் திறக்கக் கூடாது. இப்ப ஒவ்வொருத்தரா திறக்கட்டும். யார் முதல்ல திறக்கறாங்க, யார் கடைசியா திறக்கறாங்கங்கறதுக்காக உள்ள இருக்கற பந்து நிறம் மாறிக்குமா?"

தேர்வாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்த ஆளு ஒத்துக்கிட்டாரா?"

"இன்னும் இல்ல, மிசியே."

தேர்வாளரின் மீசை லேசாக அசைந்தது. அந்த முகத்தில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. நான் பெருமூச்சு விட்டுத் திரும்பினேன். ஆன்செல்ம் கண்ணில் ஒளி.

"பாத்தியா?" என்று என் காதில் சொன்னான். "நிகழ்தகவுத் தாள் போயிடுச்சு. எனக்கு இனிமே அது வராது."

அவன் சொன்னது மறுக்க முடியாத உண்மை. அது வரவில்லை. கடைசியாக மேசைமேல் அனாதையாகக் கிடந்த ஒரே தாளை எடுத்தான். அதில் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு இருந்தது, தீர்ந்துபோன பிறகும். ஆன்செல்ம் அதை முதலில் இடமிருந்து வலமாகவும், பிறகு சற்றுத் தள்ளி நின்றும் பார்த்தான். தேர்வாளர் சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். தேர்வாளர்கள் மரங்களைப் பார்க்க ஆரம்பித்தால் நல்லதில்லை.

வெளியே வந்ததும் நாங்கள் அவனைத் தேற்றத் தயாரானோம். ஆறுதல் சொல்லும் வேலையை அவன் எங்களுக்கு வைக்கவில்லை.

"நான் எடுத்த முடிவு சரிதான்," என்றான். "விளைவுதான் தப்பு."

இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இந்த இனத்தின் தேசிய கீதம் இது.

ஜூலையில் முடிவு வந்தது. சொலேனுக்குத் துறைமுகக் கல்லூரி கிடைத்தது. பூலோனுக்குத் தொலைபேசினாள். "கிடைச்சுடுச்சும்மா" என்றாள், பிறகு எதிர்முனையில் அழுகிற அம்மாவிடம் வெகுநேரம் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆன்செல்முக்குக் கிடைக்கவில்லை. வேறு கல்லூரிகள் இடம் கொடுத்தன. அவன் இரண்டாம் வருடத்தை மறுபடி படிப்பதாக முடிவெடுத்தான்.

செப்டம்பரில் மூன்று பேரும் லீலில், அந்த உருளைக்கிழங்கு வண்டிக்கு முன்னால் சந்தித்தோம். ஆன்செல்ம் சேர்ந்த வரிசைதான் மெதுவாக நகர்ந்தது.

"பயமா இல்லையாடா?" என்று கேட்டாள் சொலேன். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். ஒரே ஒரு முறை மிச்சம் இருப்பது எப்படி இருக்கும் என்று எங்களில் அவளுக்குத்தான் தெரியும். "இனிமே உனக்கு இது ஒண்ணுதான்."

"எதுக்குப் பயம்? ஒருத்தன் தொடர்ந்து ரெண்டு தடவை தோக்கறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதுல ஒண்ணு ஏற்கெனவே முடிஞ்சுது."

"டேய். நாணயத்துக்கு..."

"தெரியும், தெரியும். பதினேழு மார்க் வாங்கினவன் நான்."

மழை வந்தது. அவனிடம் குடை இல்லை. சொலேன் தன் குடையை அவன் பக்கம் சாய்த்தாள். தோளில் தொங்கிய பையிலிருந்து மறுகையால் பழைய வகைக்கெழுப் புத்தகத்தை எடுத்து அவன் கக்கத்தில் செருகினாள். "இதை மட்டும் விட்டுடாத," என்றாள். அவன் அதன் கனத்தைப் பார்த்தான். எத்தனை பாடம் என்று புரட்டினான். எதை விடலாம் என்று அவன் கண் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

நீங்கள் இதுவரை புன்னகையோடு படித்து வந்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆன்செல்மை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மைத்துனராக இருக்கலாம், அலுவலகத்தில் அடுத்த மேசையாக இருக்கலாம். நல்லது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும். நடுவில் ஒரு இடத்தில் பெட்டியும் வெள்ளைப் பந்தும் கறுப்புப் பந்தும் வந்தனவே, அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்? நின்று படித்தீர்களா, அல்லது "இது கணக்கு, கதைக்கு முக்கியமாக இருக்காது" என்று கண்ணை அடுத்த பத்திக்குத் தாண்ட விட்டீர்களா?

பதில் சொல்ல வேண்டாம். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி அங்கிருந்துதான் வரும்.